மேலே புதுத் தார் ரோடு... தண்ணிக்குக் கீழே என்ன இருக்கு? டெல்டா சிறுபாலங்களைச் சோதிப்பது எப்படி?

2018 ஆகஸ்ட் 22 இரவு. திருச்சி அருகே முக்கொம்பு மேலணையில், கொள்ளிடம் பக்கம் இருந்த 45 மதகுகளில் 9 மதகுகள் மேலே இருந்த பாலத்தோடு சேர்ந்து ஆற்றுக்குள் சரிந்தன. ஆர்தர் காட்டன் 1836-ல் கட்டி முடித்த கட்டுமானம் அது. அதே மாதம், திருவானைக்காவல் பக்கம் கொள்ளிடத்தின் குறுக்கே 1928-ல் கட்டப்பட்ட பழைய இரும்புப் பாலத்தின் தூண்களும் சரிந்தன. 2016-லேயே அந்தப் பாலத்தில் போக்குவரத்தை நிறுத்தியிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை.

மேட்டூரிலிருந்து நொடிக்கு 2 லட்சம் கனஅடியைத் தாண்டித் தண்ணீர் வந்த மாதம் அது. 182 வருடப் பழைய கட்டுமானம், தொடர்ந்து வந்த வெள்ளம் என்பது அரசுத் தரப்பு விளக்கம். மணல் அள்ளி அள்ளி ஆற்றுப்படுகை தாழ்ந்துபோனதுதான் காரணம் என்பது விவசாயச் சங்கங்களின் குற்றச்சாட்டு. எதை ஏற்றாலும், இரண்டும் கை காட்டுவது ஒரே இடத்தைத்தான்: தண்ணீருக்குக் கீழே, கட்டுமானம் மணலைத் தொடும் இடம்.

முக்கொம்பு பெரிய இடம், அதனால் செய்தியானது. அங்கிருந்து பிரிந்து வரும் தண்ணீர் தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் வயல்களுக்குப் போய்ச் சேர்வதற்குள் எத்தனையோ சிறுபாலங்களின் கீழே நுழைந்து வெளியேறுகிறது. நீங்கள் தினமும் பைக்கில் கடக்கும் வாய்க்கால் பாலமும் அதில் ஒன்று. மேலே தார் புதுசாக இருக்கலாம், கைப்பிடிச் சுவருக்கு வெள்ளையும் கறுப்பும் அடித்திருக்கலாம். ஆனால் அந்தப் பாலத்தின் ஆயுளைத் தீர்மானிக்கும் பகுதி கலங்கல் தண்ணீருக்குள் மறைந்திருக்கிறது. அதை எப்படிச் சோதிப்பது, டெல்டாவில் அதற்கு என்ன வசதி இருக்கிறது, எங்கே சிக்கல் வருகிறது என்று பார்ப்போம்.

கல்வெர்ட்னா என்ன, பாலம்னா என்ன?

இந்தியச் சாலைகள் காங்கிரஸ், அதாவது ஐ.ஆர்.சி. வகுத்த கணக்குப்படி, மொத்த நீளம் 6 மீட்டர் வரை இருந்தால் கல்வெர்ட். 60 மீட்டர் வரை சிறிய பாலம். அதற்கு மேல் பெரிய பாலம்.

கல்வெர்ட்டில் சில வகைகள் உண்டு. சிமென்ட் குழாயைப் புதைத்து மேலே ரோடு போட்டால் குழாய்ப் பாலம். இரண்டு பக்கச் சுவர் எழுப்பி மேலே கான்கிரீட் பலகை வைத்தால் ஸ்லாப் கல்வெர்ட். தரை, சுவர், கூரை நாலும் சேர்ந்து ஒரே கான்கிரீட் பெட்டியாக இருந்தால் பாக்ஸ் கல்வெர்ட். ஊரில் எல்லாவற்றுக்கும் 'மதகு' அல்லது 'சின்னப் பாலம்' என்றுதான் பெயர்.

டெல்டாவில் இவை எல்லாம் நிற்பது பாறையில் இல்லை. மணலிலும் வண்டலிலும் களிமண்ணிலும்தான். கல்லணை நிற்பதும் மணலில்தான். ஆழம் தெரியாத மணலில் பெரிய கற்களை இறக்கி, அவை அமிழ அமிழ மேலே மேலே அடுக்கி நிலைநிறுத்திய அந்த முறையிலிருந்துதான் தாங்கள் பாடம் கற்றதாகக் காட்டனே பதிவு செய்திருக்கிறார். மணலில் கட்டலாம். ஆனால் மணல் அங்கேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

தண்ணிக்கு அடியில் என்ன நடக்குது?

கான்கிரீட் உடைந்து பாலம் விழும் என்றுதான் நாம் நினைக்கிறோம். நீரோட்டத்தின் மேல் நிற்கும் பாலங்களில் பெரும்பாலும் கான்கிரீட்டுக்கு முன்னால் மண் போய்விடுகிறது. அது மூன்று வழிகளில் நடக்கும்.

முதல் வழி, அரிப்பு. அகலமான வாய்க்கால் பாலத்துக்கு அடியில் குறுகுகிறது. அதே அளவு தண்ணீர் சின்ன வழியில் போக வேண்டுமென்றால் வேகம் கூடும். தூண் இருந்தால் அதில் மோதும் தண்ணீர் கீழ்நோக்கி இறங்கி, குதிரை லாட வடிவில் தூணைச் சுற்றிச் சுழன்று மணலைக் கிளறி எடுத்துக்கொண்டு போகும். பாலத்தைத் தாண்டி வெளியேறும் இடத்திலும் பள்ளம் விழும். காவிரிக்கரைக்காரர்கள் 'கசம்' என்று சொல்லும் ஆழமான குழிகளின் குட்டி வடிவம் இது.

இதில் ஆகாயத்தாமரையின் பங்கும் உண்டு. கண்வாயில் பாதியை அது அடைத்துக்கொண்டால், அதே அளவு தண்ணீர் மீதிப் பாதி வழியாக ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் போக வேண்டியிருக்கும். நீரியலில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது: வேகம் இரண்டு மடங்கானால், தண்ணீர் நகர்த்தக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும். அடைத்துக்கொண்ட செடியை அள்ளிப் போடாமல் விடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று இதிலிருந்தே தெரியும்.

இரண்டாவது வழி, அடி ஊற்று. பாலத்துக்கு மேல்பக்கம் தண்ணீர் உயரமாகவும் கீழ்ப்பக்கம் தாழ்வாகவும் இருந்தால், தளத்துக்கு அடியிலேயே தண்ணீர் வழி தேடும். போகிற போக்கில் மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் போகும். கீழ்ப்பக்கத்தில் மணலோடு குமிழி விட்டால் அது இதன் அறிகுறி. தளம் மேலே முழுசாகவே தெரியும், அடியில் பொந்து விழுந்திருக்கும்.

மூன்றாவது வழி, கான்கிரீட்டே கெடுவது. எப்போதும் முழுகியே இருக்கும் பகுதியைவிட, தண்ணீர் ஏறி இறங்கும் மட்டத்தில்தான் பாதிப்பு அதிகம். கம்பி துருப்பிடிக்க ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். அந்த மட்டத்தில் இரண்டும் கிடைக்கும். வேதாரண்யம், நாகப்பட்டினம் போன்ற கடைமடைப் பகுதிகளில் உப்புத் தண்ணீர் சேரும்போது துரு இன்னும் வேகமாகும். துருவேறிய கம்பி பருத்து, மேலே இருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும்.

எவ்வளவு ஆழம் அரிக்கும்? ஒரு சின்னக் கணக்கு

இந்தியாவில் அரிப்பு ஆழத்தைக் கணக்கிடப் பொறியாளர்கள் பயன்படுத்துவது லேசி சூத்திரம். மணல் நடுத்தரமானது, ஒரு மீட்டர் அகலத்தில் நொடிக்கு 3 கனமீட்டர் தண்ணீர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வெள்ள மட்டத்திலிருந்து சுமார் 2.8 மீட்டர் ஆழம் வரை படுகை அரிக்கப்படலாம் என்கிறது கணக்கு. இது சராசரி. தூணைச் சுற்றி அதன் இரண்டு மடங்கு, அதாவது ஏறக்குறைய 5.6 மீட்டர் வரை அரிப்பு வரும் என்று எடுத்துக்கொண்டுதான் அஸ்திவாரம் போடச் சொல்கிறது ஐ.ஆர்.சி. கரையோரத் தாங்கு சுவருக்கு 1.27 மடங்கு, சுமார் 3.5 மீட்டர்.

ஒரு சின்ன வாய்க்கால் பாலத்துக்கு இவ்வளவு ஆழம் தோண்டி அஸ்திவாரம் போட்டால் கட்டுப்படியாகாது. அதனால் வேறு வழி எடுக்கிறார்கள். அஸ்திவாரத்தை மேலோட்டமாகப் போட்டு, கண்வாய் முழுக்கக் கான்கிரீட் தளம் போடுவார்கள். தளத்தின் இரண்டு முனையிலும் மண்ணுக்குள் இறங்கும் தடுப்புச் சுவர் இருக்கும். பொதுவான வழிகாட்டுதல்படி மேல்பக்கம் 2 மீட்டர், கீழ்ப்பக்கம் 2.5 மீட்டர் ஆழம். அதற்கு வெளியே, மேல்பக்கம் 3 மீட்டரும் கீழ்ப்பக்கம் 6 மீட்டரும் கல் பரப்பு. இதை 'ஏப்ரன்' என்பார்கள். பள்ளம் விழுந்தால் கற்கள் சரிந்து அந்தப் பள்ளத்தை மூடிக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு.

ஆக, சிறுபாலத்தின் உயிர் இருப்பது மூன்று இடத்தில்: தளம், தடுப்புச் சுவர், கல் பரப்பு. மூன்றும் சாதாரணமாகத் தண்ணீருக்குள் இருப்பவை. கல் பரப்பு அடித்துக்கொண்டு போனால் அடுத்து தடுப்புச் சுவர் வெளியே தெரியும். அடுத்து தளத்துக்கு அடியில் மண் போகும். அதன்பிறகு மேலே போகும் நெல் லாரியின் எடையை மண் தாங்கவில்லை, வெறும் கான்கிரீட் பலகைதான் தாங்குகிறது.

சரி, எப்படிச் சோதிப்பாங்க?

முதல் வேலை தண்ணீரில் இல்லை, ஃபைலில். எந்த வருஷம் கட்டியது, அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், தள மட்டம் என்ன, போன முறை படுகை எந்த மட்டத்தில் இருந்தது என்ற விவரங்கள் வேண்டும். பழைய அளவு இல்லையென்றால், இன்று எடுக்கும் அளவு நல்லதா கெட்டதா என்று சொல்லவே முடியாது.

அடுத்து மேலேயிருந்து பார்ப்பது. கைப்பிடிச் சுவர் நேர்கோட்டில் இருக்கிறதா? பாலமும் ரோடும் சேரும் இடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறதா? பக்கவாட்டு இறக்கைச் சுவர் சாய்ந்திருக்கிறதா? இவை கீழே நடப்பதன் தடயங்கள்.

மூன்றாவது, ஆழம் அளப்பது. இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கைப்பிடிச் சுவரில் மாறாத ஒரு புள்ளியைப் பெயின்டால் குறித்துக்கொண்டு, எடை கட்டிய டேப்பை இறக்கினால் போதும். ஒவ்வொரு கண்வாயின் நடுவிலும் சுவர் ஓரத்திலும் அளக்க வேண்டும். மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போய், கல் பரப்பு முடியும் இடம் தாண்டியும் அளக்க வேண்டும். அதே புள்ளிகளில் அடுத்த வருஷமும் அளந்தால் எங்கே மண் போயிருக்கிறது என்று வரைபடமாகவே தெரியும். ஆழமான ஆறு என்றால் ஒலியை அனுப்பி எதிரொலியில் ஆழம் அறியும் எக்கோ சவுண்டரைப் பயன்படுத்துவார்கள். கலங்கல் தண்ணீரில் கேமரா காட்டுவது வெறும் பழுப்பு நிறம்தான். சோனார் கருவிக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

நான்காவது, தொட்டுப் பார்ப்பது. அமெரிக்க நெடுஞ்சாலைத் துறை இதை மூன்று நிலையாகப் பிரிக்கிறது. முதல் நிலையில் முக்குளிப்பவர் முழு நீளமும் கண்ணாலும் கையாலும் தடவிப் பார்ப்பார். இரண்டாவதில் பாசி, சிப்பி, சேறு எல்லாவற்றையும் சில இடங்களில் சுரண்டி எடுத்து, உள்ளே விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பார். மூன்றாவதில் கருவிச் சோதனை: கான்கிரீட்டுக்குள் மீயொலி அனுப்பி அதன் வேகத்தை அளப்பது, தேவைப்பட்டால் சின்ன உருளைத் துண்டை வெட்டி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது. தண்ணீர் இல்லாத இடத்தில் சுத்தியலால் தட்டினாலே பாதி தெரிந்துவிடும். நல்ல கான்கிரீட் 'டங்'கென்று கேட்கும். உள்ளே பிரிந்திருந்தால் 'டொக்'கென்று கேட்கும்.

ஒரு எச்சரிக்கை. தண்ணீர் ஓடும்போது குழாய்ப் பாலத்துக்குள்ளோ மதகு வாயிலோ இறங்கிப் பார்ப்பது உயிருக்கு ஆபத்து. மேல்பக்கத்துக்கும் கீழ்ப்பக்கத்துக்கும் 1 மீட்டர் நீர்மட்ட வித்தியாசம் இருந்தால், ஒரு அடிக்கு ஒரு அடி அளவுள்ள துளையை உடல் அடைத்துக்கொள்ளும்போது சுமார் 90 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் உடலை அங்கேயே பிடித்து வைக்கும். நீச்சல் தெரிந்தாலும் விடுபட முடியாது. கழிவுநீர் தேங்கிய குழாய்களில் விஷவாயு வேறு இருக்கும். பயிற்சி, கயிறு, கரையில் ஆள், மேலே ஷட்டரை மூடியதற்கான உறுதி இல்லாமல் யாரையும் இறக்கக் கூடாது.

ஒரு கண்கட்டு வித்தை: தானாக மூடிக்கொள்ளும் பள்ளம்

இங்கேதான் அனுபவசாலிகளே ஏமாறும் இடம் வருகிறது. அரிப்புப் பள்ளம் மிக ஆழமாக இருப்பது வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது. வெள்ளம் வடியும்போது வேகம் குறைந்து, தண்ணீர் சுமந்து வரும் மணல் அதே பள்ளத்தில் படிந்துவிடும். தண்ணீர் வற்றியபின் போய்ப் பார்த்தால் படுகை சமமாக, ஒன்றுமே நடக்காதது போல இருக்கும்.

ஆனால் அந்த மணல் புதுசு. இறுகாத, பொலபொலவென்ற மணல். அடுத்த வெள்ளத்தில் முதலில் கிளம்பிப் போவது அதுதான். அதனால் வறண்ட காலத்தில் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு 'அஸ்திவாரம் நல்லா மூடியிருக்கு' என்று எழுதினால் அது பாதி உண்மை. கம்பியை அழுத்திக் குத்திப் பார்க்க வேண்டும். இறுகிய பழைய படுகையில் கம்பி சீக்கிரம் நின்றுவிடும். நிரம்பிய பள்ளத்தில் சர்ரென்று இறங்கும். எந்த ஆழத்தில் கம்பி நிற்கிறதோ, போன வெள்ளத்தில் பள்ளம் ஏறக்குறைய அந்த ஆழம் வரை போயிருக்கிறது என்று அர்த்தம்.

மற்ற இடங்களில் எப்போது விழித்துக்கொண்டார்கள்?

அமெரிக்காவில் ஒரு விபத்துக்குப் பிறகுதான். 1987 ஏப்ரல் 5-ம் தேதி நியூயார்க் மாநிலத்தில் ஸ்கோஹாரி ஓடையின் மேலிருந்த நெடுஞ்சாலைப் பாலம் வெள்ளத்தில் விழுந்தது. 10 பேர் இறந்தனர். தூணுக்கு அடியில் மண் அரிக்கப்பட்டதும், அதைக் காக்க வேண்டிய கல் பரப்பு சரியாகப் பராமரிக்கப்படாததும் காரணம் என்று விசாரணை சொன்னது. அதன்பிறகு, தண்ணீருக்குள் அஸ்திவாரம் இருக்கும் பாலங்களைப் பொதுவாக 60 மாதங்களுக்குள் ஒருமுறையாவது நீருக்கடியில் சோதிக்க வேண்டும் என்பது அங்கே கட்டாயமானது.

இந்தியாவில் அப்படி உலுக்கிய சம்பவம், 2016 ஆகஸ்ட் 2-ம் தேதி மகாராஷ்டிரத்தின் மகாட் அருகே நடந்தது. மும்பை-கோவா நெடுஞ்சாலையில் சாவித்ரி ஆற்றின் மேலிருந்த பிரிட்டிஷ் காலப் பாலம் இரவு வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. இரண்டு அரசுப் பேருந்துகளும் வேறு வாகனங்களும் ஆற்றுக்குள் போயின. அந்தப் பாலம் அதே ஆண்டு மே மாதம்தான் ஆய்வு செய்யப்பட்டு, போக்குவரத்துக்கு ஆபத்தில்லை என்று சொல்லப்பட்டிருந்தது.

இரண்டு மாதம் கழித்து, 2016 அக்டோபரில், தேசிய நெடுஞ்சாலைகளில் உள்ள பாலங்களுக்கு ஐ.பி.எம்.எஸ். என்ற மேலாண்மைத் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. ஒவ்வொரு பாலத்துக்கும் ஆதார் எண் போல ஒரு தனி எண்; அதோடு அதன் உடல்நிலைக்கு ஒரு மதிப்பெண். கணக்கெடுத்த சுமார் 1.15 லட்சம் கட்டுமானங்களில் ஏறக்குறைய 85,000 கல்வெர்ட்டுகள். அதாவது, நான்கில் மூன்று நாம் யாரும் திரும்பிப் பார்க்காத சின்னப் பாலங்கள். இதுவும் தேசிய நெடுஞ்சாலைக் கணக்கு மட்டும்தான். ஒரத்தநாட்டிலோ நீடாமங்கலத்திலோ ஊராட்சி ரோட்டில் இருக்கும் வாய்க்கால் பாலம் அந்தக் கணக்கில் வராது.

டெல்டாவுக்குக் கிடைத்த வரம்: நாலரை மாச வறட்சி

இப்போது நம்ம ஊர் விஷயம். மற்ற நாடுகளில் முக்குளிப்பவரை இறக்கி, சோனார் வைத்துத் தேடும் இடங்களை, டெல்டாவில் செருப்புக் காலோடு நடந்து போய்ப் பார்க்கலாம். வழக்கப்படி மேட்டூர் அணை ஜூன் 12-ம் தேதி பாசனத்துக்குத் திறக்கப்பட்டு ஜனவரி 28-ம் தேதி மூடப்படுகிறது. நடுவில் நாலரை மாசம். பிப்ரவரி கடைசியிலிருந்து வெண்ணாறு, வெட்டாறு, கல்லணைக் கால்வாய், அவற்றின் கிளை வாய்க்கால்கள் என்று பல இடங்களில் படுகை தெரியும். தஞ்சாவூரில் புது ஆற்றுக்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிற மாதங்கள்.

இந்த மாதங்களில் அரசு செய்யும் பெரிய வேலை தூர்வாருதல். டெல்டா சிறப்புத் தூர்வாரும் பணிக்கு 2021-ல் சுமார் 65 கோடி ரூபாயில் 4,061 கி.மீ., 2022-ல் 80 கோடியில் 4,964 கி.மீ., 2023-ல் 90 கோடியில் 4,773 கி.மீ. என்று அறிவிக்கப்பட்டது. கடைமடை வரை தண்ணீர் போக இது தேவையான வேலை. அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

ஆனால் இந்த வேலையின் வெற்றி கிலோமீட்டரில் அளக்கப்படுகிறது. அந்த 4,000, 5,000 கிலோமீட்டருக்கு நடுவில் பொக்லைன் எத்தனை சிறுபாலங்களைக் கடந்தது, ஒவ்வொன்றிலும் தளம் எப்படி இருந்தது, கல் பரப்பு மிச்சம் இருந்ததா என்பது கிலோமீட்டர் கணக்கில் தெரியாது. வருஷத்தில் அந்த ஒரே சமயம்தான் ஒரு இயந்திரமும் ஒரு பொறியாளரும் ஒப்பந்தக்காரரும் காய்ந்த படுகையில் பாலத்துக்கு எதிரில் நிற்கிறார்கள். அங்கே பத்து நிமிஷம் அளவெடுத்தால் கிடைக்கும் தகவலை, ஜூன் 12-க்கு அப்புறம் சோனார் வைத்துத்தான் தேட வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. தூர்வாரும்போது பாலத்தை ஒட்டித் தள மட்டத்துக்குக் கீழே பக்கெட் இறங்கினால், வெள்ளம் பல வருஷத்தில் செய்யும் வேலையை இயந்திரம் அரை மணி நேரத்தில் செய்துவிடும். கல் பரப்பையும் 'வண்டல்' என்று அள்ளிக் கரையில் கொட்டிவிட வாய்ப்பு இருக்கிறது. கீழ்ப்பக்கம் அதிகமாக ஆழப்படுத்தினால் பாலத்திலிருந்து தண்ணீர் குட்டி அருவியாக விழும். விழும் இடத்தில் கசம் தோண்டும். அதனால் பாலத்துக்கு இரண்டு பக்கமும் கல் பரப்பு முடியும் வரை ஆட்களை வைத்து அள்ளுவதுதான் பாதுகாப்பு. பாலத்தின் தளமே அங்கே மட்டக்கல் மாதிரி: அதற்குக் கீழே தோண்டக் கூடாது.

அவகாசமும் எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. 2022-ல் மே 24-ம் தேதியே அணை திறக்கப்பட்டது. 2024-ல் தண்ணீர் போதாமல் ஜூலை 28 வரை தள்ளிப்போனது. ஆய்வை மே கடைசிக்கு வைத்தால் திடீரென்று வாய்ப்பு போய்விடும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பார்த்தால்தான், கண்ட குறையைத் தண்ணீர் வருவதற்குள் சரிசெய்யவும் நேரம் இருக்கும்.

இது யார் வேலை?

சிக்கலின் முடிச்சு இதில்தான் இருக்கிறது. ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கலாம். கிராமச் சாலை என்றால் ஊராட்சி ஒன்றியம். தேசிய நெடுஞ்சாலை என்றால் மத்திய அரசின் பொறுப்பு. கீழே ஓடும் ஆறும் வாய்க்காலும் நீர்வளத் துறையுடையது. ஷட்டர் வைத்த ரெகுலேட்டர் மேலேயே ரோடு போனால் கட்டுமானமே நீர்வளத் துறையுடையது.

பாலத்தின் மேல்தளத்துக்கு ஒரு துறை, அதன் அடியில் இருக்கும் மண்ணுக்கு இன்னொரு துறை. படுகையைத் தோண்டுவது ஒருவர். தோண்டியதால் அஸ்திவாரம் வெளியே தெரிந்தால் பொறுப்பு இன்னொருவருக்கு. ஒரு துறையின் தூர்வாரும் அட்டவணை மற்றத் துறைக்கு முன்கூட்டியே கிடைத்து, இருவரும் ஒரே நாளில் அங்கே நின்றால் இந்த இடைவெளி பெரும்பாலும் அடைபடும். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை.

'இவ்வளவு பாலங்கள், இருக்கிற ஆட்களை வைத்து எப்படி முடியும்?' என்ற கேள்வி நியாயமானது. எல்லாவற்றையும் ஒரே வருஷத்தில் பார்க்க வேண்டியதில்லை. வரிசைப்படுத்தலாம். பேருந்தும் நெல் லாரியும் போகும் ஒரே வழியாக இருக்கும் பாலம் முதலில். அறுவடை இயந்திரம் ஏற்றிய லாரியும் டிப்பரும் போகும் பழைய பாலங்கள் அடுத்து. பல பாலங்கள் மாட்டு வண்டிக் காலத்து எடைக்குக் கட்டப்பட்டவை. அந்த வருஷம் தூர்வாரிய வாய்க்காலில் உள்ளவை, போன மழையில் ரோட்டுக்கு மேல் தண்ணீர் போனவை, உப்புத் தண்ணீர் ஏறும் கடைமடைப் பாலங்கள் அடுத்தடுத்து. தவணை முறையில் போனால் சில வருஷத்தில் ஒரு சுற்று முடியும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கத் தாள் போதும்: பெயின்ட் குறியிலிருந்து ஆழ அளவுகள், கம்பி இறங்கிய ஆழம், தளம்-தடுப்புச் சுவர்-கல் பரப்பு மூன்றின் நிலை, நாலு போட்டோ, தேதி, ஜி.பி.எஸ். புள்ளி.

குறை தெரிந்தால் உடனே பாலத்தை இடிக்க வேண்டும் என்றும் இல்லை. கல் பரப்பைத் திரும்ப நிரப்புவது, தளத்துக்கு அடியில் இருக்கும் பொந்தில் கான்கிரீட் கலவையை அழுத்தி நிரப்புவது, தடுப்புச் சுவரை ஆழப்படுத்துவது எல்லாம் புதுப் பாலச் செலவில் சின்னப் பங்குதான். அதுவரைக்கும் கனரக வாகனங்களை மட்டும் நிறுத்தலாம். அணைக்கரையில் பழைய கொள்ளிடம் பாலத்தில் கனரக வாகனங்களுக்குத் தடை வைத்ததும், திருச்சி காவிரிப் பாலத்தை 2022 செப்டம்பர் முதல் 2023 மார்ச் வரை மூடிப் பழுதுபார்த்ததும் மக்களுக்குச் சிரமமாகத்தான் இருந்தது. முக்கொம்பில் சரிந்ததற்கு மாற்றாகப் புதுக் கதவணை கட்ட 387.60 கோடி ரூபாய் ஒதுக்க வேண்டியிருந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

நீங்க என்ன கவனிக்கலாம்?

தண்ணீரில் இறங்காமல், கரையில் நின்றே தெரிந்துகொள்ளக்கூடிய அறிகுறிகள் இவை:

- பாலமும் ரோடும் சேரும் இடத்தில் திரும்பத் திரும்பப் பள்ளம் விழுவது. எத்தனை முறை ஜல்லி கொட்டினாலும் இறங்கினால், மண் கீழ்வழியாகப் போய்க்கொண்டிருக்கலாம்.
- கைப்பிடிச் சுவர் ஒரு இடத்தில் தாழ்ந்தோ வளைந்தோ தெரிவது. பக்கவாட்டில் நின்று ஒரு போட்டோ எடுத்தாலே தெரியும்.
- இறக்கைச் சுவருக்கும் பாலத்துக்கும் நடுவில் விரிசல் அகலமாகிக்கொண்டே போவது.
- கீழ்ப்பக்கத்தில் மணலோடு குமிழி விடுவது, அல்லது ஒரே இடத்தில் ஓயாத சுழல்.
- கோடையில் தண்ணீர் வற்றியதும் தளத்தின் விளிம்புக்கு அடியில் இருட்டான இடைவெளி தெரிவது.
- பாலத்தின் அடிப்பக்கம் கான்கிரீட் உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிவது.

போட்டோ எடுக்கும்போது அளவு தெரிய ஒரு செங்கல்லையோ தண்ணீர் பாட்டிலையோ பக்கத்தில் வையுங்கள். தேதி, ஊர், வாய்க்கால் பெயர் குறித்துக்கொள்ளுங்கள். எந்தத் துறை என்று தெரியவில்லையென்றால் முதல்வரின் உதவி மையம் 1100-ல் சொல்லலாம். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033. வெள்ள நேரத்தில் பாலம் உள்வாங்குவது போலத் தெரிந்தால் மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077. தண்ணீர் ரோட்டுக்கு மேல் போகும்போது வண்டியில் கடக்கவே வேண்டாம். பக்கத்து மண் ஏற்கெனவே போயிருந்தால் அது மேலிருந்து தெரியாது.

கிராமசபைக் கூட்டத்தில் கேட்க ஒரு கேள்வியும் இருக்கிறது. 'இந்த வருஷம் எத்தனை கிலோமீட்டர் தூர்வாரினீங்க?' என்று கேட்பது வழக்கம். அதோடு சேர்த்து, 'தூர்வாரின வாய்க்காலில் எத்தனை பாலத்துக்கு அடிமட்டம் அளந்தீங்க? அந்தத் தாளைக் காட்டுங்க' என்றும் கேட்கலாம். ஜூன் 12-ம் தேதி தண்ணீர் வந்துவிட்டால், அந்தக் கேள்விக்கு நேரில் போய்ப் பார்த்துப் பதில் சொல்ல அடுத்த பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டும்.